மாடிப்படி சரிந்த ஞாயிறு

அற்புதம் டீச்சர் அந்த வீட்டை வாங்கியதே மரப்படிக்காகத்தான். காப்பி எஸ்டேட் வைத்திருந்த வெள்ளைக்காரர் ஒருவர் கட்டிய பழைய பங்களா அது. சேலத்துக் காண்டிராக்டர் ஒருவர் அதை வாங்கி, குறுக்கே சுவர் எழுப்பி, கீழே மூன்று, மேலே மூன்று என்று ஆறு வீடாகப் பிரித்து, 'லேக் வியூ அபார்ட்மென்ட்ஸ்' என்று போர்டு மாட்டி விற்றார். ஏரியைப் பார்க்க வேண்டுமானால் கூரையின் மேல் ஏறி நுனிக்காலில் நிற்க வேண்டும். ஆனால் முற்றத்திலிருந்து மேலே ஏறும் அகலமான மரப்படியும், மேல் வீடு மூன்றின் வாசலையும் தொட்டு ஓடும் மர வராந்தாவும் வந்தவர் எவரையும் ஒரு நிமிடம் நிற்க வைக்கும். டீச்சரும் நின்றார். பி.எஃப். பணம் முழுவதையும் எடுத்து மேலே நடு வீட்டை வாங்கிவிட்டார்.

அவர் ஏற்காட்டுப் பெண்கள் பள்ளி ஒன்றில் விளையாட்டு டீச்சர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. நாற்பத்தெட்டு வயதிலும் படியை இரண்டிரண்டாகத் தாவி ஏறுவார். குடியிருப்போர் சங்கம் என்று ஒன்று தொடங்கியபோது, சத்தமாகப் பேசுகிறவர் என்பதற்காகவே அவரைச் செயலாளர் ஆக்கினார்கள்.

தலைவர், கீழ் வீட்டுப் பொன்னுவேல். எஸ்டேட்டில் முப்பத்தொரு வருஷம் கணக்கெழுதும் ரைட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மெதுவாகப் பேசுவார், மெதுவாக நடப்பார், முற்றத்து மூலையில் ஆறு பெட்டி தேனீ வளர்த்தார். அவருடைய மனைவி மாதம்மாள் எதையும் மெதுவாகச் செய்யாதவர். கீழே இன்னொரு வீட்டில் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்து ஓய்ந்த சிங்கராயர் தனியாக இருந்தார். மேலே டீச்சருக்குப் பக்கத்தில் ஏசுராஜும் அவன் மனைவி மரியசெல்வியும். மீதி இரண்டு வீட்டுக்காரர்கள் சேலத்தில் இருந்தார்கள். கோடைக்கு மட்டும் வந்து, பத்து நாள் பஜ்ஜி சாப்பிட்டுவிட்டு, பூட்டிக்கொண்டு போய்விடுவார்கள்.

1989 அக்டோபரில் ஒருநாள், டீச்சர் வீட்டு ஜன்னலைச் சரிபார்க்கச் செம்மநத்தத்திலிருந்து தச்சு மேஸ்திரி சென்றாயன் வந்தார். வேலை முடிந்து இறங்கும்போது பாதிப்படியில் நின்றார். கைப்பிடித் தூணை விரல் முட்டியால் தட்டினார். இன்னும் கொஞ்சம் கீழே தட்டினார். பிறகு உளியின் முனையால் தூணின் அடியில் மெல்ல அழுத்தினார். உளி, ஊறிய ரொட்டிக்குள் போவதுபோல உள்ளே போனது.

"டீச்சரம்மா, இங்க வந்து பாருங்க. செல்லு புடிச்சிருக்குதுங்க."

கரையானை அந்தப் பக்கத்தில் செல்லு என்பார்கள். கல் அஸ்திவாரத்தில் பென்சில் கனத்துக்கு ஒரு மண் கோடு மேலே ஏறிப் படிச்சட்டத்துக்குள் நுழைந்திருந்தது. அதற்கு நேர் மேலே, கூரைத் தண்ணீர் போகும் தகரக் குழாயில் ஓட்டை. மழைக்காலம் முழுக்க அந்தத் தண்ணீர் தூணின் காலில்தான் சொட்டிக்கொண்டிருந்தது.

"தண்ணி நின்னு மரம் இத்துப்போச்சுங்க. ஈர மரம்னா செல்லுக்கு விருந்து. இப்பவே பண்ணுனா ரெண்டு நாள் வேலை. குழாய மாத்தி, தூணுக்கு அடில ஒரு கல்லு வெச்சு, நாலாவது படியையும் அந்தச் சட்டத்தையும் புதுசு போட்டு, சுத்தி மருந்து ஊத்திட்டா தீந்துச்சு. ஆயிரம் ரூவாய்க்குள்ள முடிச்சுப்போடலாம்."

டீச்சர் அன்று சாயங்காலமே கூட்டம் கூட்டினார். பொன்னுவேல் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். மருந்து என்றதும் முகம் கொஞ்சம் மாறியது. தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"பண்ணிப்போடலாமுங்க டீச்சர். கிறிஸ்மஸ் போகட்டும்."

கிறிஸ்மஸ் போனது. காப்பி பூக்கும் காலம் முடியட்டும் என்றார். அதற்கும் படிக்கும் என்ன சம்பந்தம் என்று யாருக்கும் புரியவில்லை. ஆனாலும் எஸ்டேட்டில் இருந்தவர், ஏதோ காரணம் இருக்கும் என்று விட்டுவிட்டார்கள். பிறகு கோடை விழா வந்தது. வருகிறவர்கள் போகிறவர்கள் இருக்கும்போது படியைப் பிரித்துப் போட முடியுமா? பிறகு மழை; மழையில் யாராவது மருந்து ஊற்றுவார்களா? சிங்கராயர் வேறு, சேலத்துக்காரர்கள் இரண்டு பேரின் கையெழுத்தும் இல்லாமல் பொதுச் சொத்தில் கைவைப்பது முறையல்ல என்று எழுந்து நின்று சொல்வார். சேலத்துக்குக் கடிதம் போகும். பதில் வருவதற்குள் அடுத்த கிறிஸ்மஸ் வந்துவிடும்.

டீச்சரையும் முழுக்க நல்லவர் என்று சொல்லிவிட முடியாது. ஒருமுறை, 1990 ஆகஸ்டில், எல்லாரும் ஒருவழியாகச் சரி என்றார்கள். சென்றாயன் மரம் வாங்க வரச் சொன்ன அன்றைக்குத்தான் டீச்சரின் வாலிபால் டீம் திருநெல்வேலிக்குப் போட்டிக்குக் கிளம்பியது. "வந்து பாத்துக்கலாம் மேஸ்திரி" என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறிவிட்டார். கோப்பையோடு திரும்பி வந்தபோது பொன்னுவேலுக்குப் புதுக் காரணம் கிடைத்திருந்தது.

இதற்கிடையில் அந்தப் படியோடு வாழ எல்லாரும் பழகிக்கொண்டார்கள். அதுதான் வேடிக்கை. நாலாவது படியை மிதிக்கக் கூடாது. ஏழாவது படியில் இடது ஓரமாகக் கால் வைக்க வேண்டும். கைப்பிடியைத் தொடலாம், சாயக் கூடாது. விருந்தாளி வந்தால் "வாங்க" என்பதற்கு முன்னால் "நாலாவது படிய உட்டுட்டு மிதிங்க" என்று மேலிருந்து குரல் வரும். தபால்காரர் மாடி ஏறுவதையே விட்டுவிட்டு, கீழே நின்று மணி அடித்தார். டீச்சர் இரண்டிரண்டாகத் தாவுவதை நிறுத்தினார். மூன்று வருஷத்தில் படியில் ஆரோக்கியமாக இருந்தவை கரையான்கள் மட்டும்தான்.

1992 செப்டம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலைப் பூசை முடிந்து வந்ததும் டீச்சர் வீட்டு ஹாலில் கூட்டம். பொன்னுவேல், சிங்கராயர், ஏசுராஜ் மூவரும் வந்து உட்கார்ந்தார்கள். மரியசெல்வி வரவில்லை. அவள் அப்பா கல்யாணச் சீராகத் தருவதாகச் சொல்லி இரண்டு வருஷம் தாமதமான இரும்பு பீரோ அன்றுதான் சேலத்திலிருந்து ஜீப்பில் வந்து இறங்கியது. அதை மேலே ஏற்ற அவள் கீழே நின்றிருந்தாள்.

"பதினோராவது தடவையா இந்தப் படியப் பத்திப் பேசறோம்" என்று டீச்சர் நோட்டைத் திறந்தார்.

"மழ நிக்கட்டுமுங்க" என்றார் பொன்னுவேல்.

வெளியே மரியசெல்வியின் குரல் கேட்டது. "ஏனுங்கண்ணா, நாலாவது படிய உட்டுட்டு மிதிங்க!"

இரண்டு சுமைதூக்கிகள் சேர்ந்து ஆளுயர பீரோவைத் தூக்கிக்கொண்டு ஒரு படியை விட்டுத் தாண்டுவது எப்படி? முன்னால் போனவர் தாண்டிவிட்டார். பின்னால் வந்த பெருமாள் காலை எடுத்து வைத்தார். அவர் மிதித்ததும் நாலாவது படி மாவாக உதிர்ந்தது. அவர் பீரோவை விட்டுவிட்டுப் பக்கவாட்டில் குதித்தார். முன்னால் போனவர் கைப்பிடியைப் பிடித்தார். கைப்பிடி அவரோடு வந்தது. அவரும் குதித்தார். இரண்டு பேரும் விலகியதைப் பார்த்துக் காத்திருந்ததுபோல, ஒரு நீண்ட முனகலோடு மொத்தப் படியும் சுவரைவிட்டு விலகி, மெல்லச் சாய்ந்து, முற்றத்தில் படுத்தது. பீரோ அதன் மேல் சறுக்கிக்கொண்டு போய் மாதம்மாளின் டேலியாப் பாத்தியில் மல்லாந்து விழுந்தது.

மேலே இருந்த நாலு பேரும் வாசலுக்கு ஓடி வந்தார்கள். முற்றமெங்கும் செம்புழுதி.

"யாருக்காச்சும் அடியா?" என்று கத்தினார் டீச்சர்.

"கால் பெரண்டிருச்சுங்க, அவ்வளவுதான்" என்றார் பெருமாள், தரையில் உட்கார்ந்தபடி. "மத்தபடி ஒண்ணுமில்லீங்க."

மரியசெல்வி நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டு பீரோவிடம் ஓடினாள். கதவைத் தடவிப் பார்த்தாள். "கண்ணாடி ஒடையலீங்க!" என்று கூவினாள். ஏசுராஜ் மேலிருந்தே கை தட்டினான்.

அதற்குப் பிறகுதான் எல்லாருக்கும் நிலைமை விளங்கியது. மேலே போக அந்த ஒரு படிதான். வராந்தாவுக்கும் முற்றத்துக்கும் நடுவே பதின்மூன்று அடி. சங்கத்தின் தலைவர், செயலாளர், மூத்த உறுப்பினர், ஏசுராஜ் நாலு பேரும் மேலே.

"ஏணி கொண்டாரச் சொல்லுங்க" என்றார் பொன்னுவேல், முடிந்தவரை கம்பீரமாக.

அவ்வளவு நீள ஏணி பக்கத்தில் யாரிடமும் இல்லை. சென்றாயனிடம் இருந்தது. மரியசெல்வி பீரோ வந்த ஜீப்பையே செம்மநத்தத்துக்கு அனுப்பினாள். போய்வரும் வழி முழுக்க வளைவுகள். எப்படியும் இரண்டு மணி நேரம் ஆகும். டீச்சர் வீட்டில் அன்றைக்கென்று ரவையும் இல்லை, அரிசியும் இல்லை. ஏசுராஜ் வீட்டில் மரியசெல்வி இன்னும் அடுப்பே பற்றவைக்கவில்லை. டீச்சர் மத்தியானம் ஊரில் ஒரு ஞானஸ்நான விருந்துக்குப் போவதாக இருந்தார். பன்னிரண்டரை மணிக்கு சிங்கராயர் பசிக்கிறது என்றார். மாதம்மாள் கீழே இருந்து கயிறு கேட்டார். டீச்சர் வாலிபால் வலைக்கயிற்றை இறக்கினார். கூடையில் தக்காளிச் சோறும் அவித்த முட்டையும் மேலே போயின. மூன்று ஆண்களும் வராந்தாவில் வரிசையாக உட்கார்ந்து சாப்பிட்டதைப் பார்க்க ரோட்டில் போனவர்கள் கேட்டருகே நின்றார்கள். ஒருவர் கேட்டே விட்டார்: "ஏனுங்க, என்ன விசேசம்?"

ஏணி வந்தது. சென்றாயன் ஜீப்பிலிருந்து இறங்கி, கிடந்த படியைச் சுற்றி ஒருமுறை நடந்தார். ஒரு சட்டத்தைக் கையில் எடுத்தார். வெளியே பெயின்ட், உள்ளே மண். விரலால் நசுக்கிக் கீழே போட்டார். பிறகு ஏணியைத் தூக்கி நிறுத்தப் போனார்.

"நில்லுங்க மேஸ்திரி" என்றார் மாதம்மாள். "ஏணியக் கீழ வைங்க."

"எதுக்குங்க?"

"மேல கூட்டம் இன்னும் முடியலீங்க. தீர்மானம் போட்டு, கையெழுத்து வெச்சு, நோட்டக் கூடையில கீழ எறக்கச் சொல்லுங்க. அப்புறமேலு ஏணி."

பொன்னுவேல் வராந்தாவின் ஓரத்துக்கு வந்தார். "மாதா, என்ன இது? எல்லாரும் பாக்கறாங்க."

"பாக்கட்டுமுங்க. அந்தாளு கால ஒடிச்சிருந்தா யாருங்க பதில் சொல்றது? மூணு வருசமா கிறிஸ்மசு, பூவு, மழன்னு கதை சொல்றீங்களே, நெசமான காரணத்தச் சொல்லித் தொலைங்களேன். நாஞ் சொல்லட்டுமா?"

டீச்சர் பொன்னுவேலைத் திரும்பிப் பார்த்தார். "என்ன காரணமுங்க?"

"தேனீக்குத்தானுங்க டீச்சர்!" என்றார் மாதம்மாள் கீழிருந்து. "அந்த மருந்து ஊத்துனா இவரு பெட்டியெல்லாம் செத்துப்போயிருமாம். எங்கிட்ட மட்டும் சொல்லிச் சொல்லிப் பொலம்புவாரு."

பொன்னுவேல் வேட்டி நுனியைச் சரிசெய்தார். அவருக்கு அறுபத்து நான்கு வயது. அந்த நேரத்தில் வகுப்பில் பிடிபட்ட பையன்போல நின்றார்.

"எஸ்டேட்ல ஒருக்கா பூச்சி மருந்து அடிச்சாங்க" என்றார் தணிந்த குரலில். "மறுநா காத்தால பெட்டிக்கு முன்னாடி கை கையா அள்ளுனேனுங்க. அத்தனையும் செத்துக் கெடந்துச்சு. அதச் சொன்னா, ஈக்காகவா ஊட்டக் கெடுக்கறேன்னு சிரிப்பீங்கன்னு..."

யாரும் சிரிக்கவில்லை. டீச்சருக்குக் கோபம் வரவேண்டிய இடம் அது, வரவில்லை. மூன்று வருஷமாக அவரைச் சோம்பேறி என்று மனசுக்குள் திட்டியது மட்டும்தான் ஞாபகத்துக்கு வந்தது.

"ரைட்டரய்யா, மொதல் நாளே இதச் சொல்லியிருந்தா, மொதல் நாளே ஒரு வழி பாத்திருப்போமே" என்றார்.

"வழி என்னங்க பெரிய வழி?" என்றார் கீழே இருந்த சென்றாயன். "பெட்டியத் தூக்கி எங்கூருக்குக் கொண்டாங்க. என் பங்காளி காப்பித் தோட்டம் இருக்குது. மருந்து வாட போற வரைக்கும் அங்கயே இருக்கட்டும். மருந்தும் சும்மா தெளிக்கறதில்லீங்க. சுவத்தோரமா ஓட்ட போட்டு மண்ணுக்குள்ள ஊத்தி மூடறதுதான்."

சிங்கராயர் சேலத்துக் கையெழுத்தைப் பற்றி வாய் திறந்தார். பிறகு, படி இருந்த இடத்தை எட்டிப் பார்த்துவிட்டு, "அவசர கால விதிப்படி இருக்கற உறுப்பினர்களே போதும்" என்றார். அப்படி ஒரு விதி இருப்பது அதுவரை யாருக்கும் தெரியாது. நாலு கையெழுத்தும் விழுந்தன. நோட்டு கூடையில் இறங்கியது. மாதம்மாள் எழுத்துக் கூட்டி முழுக்கப் படித்த பிறகே ஏணியை நிறுத்த விட்டார்.

மறுநாள் சாயங்காலம், தேனீக்கள் கூடடைந்த பிறகு, பொன்னுவேல் பெட்டிகளின் வாயை வலைத்துணியால் கட்டினார். ஆறு பெட்டியையும் ஜீப்பில் வைக்கோல் மேல் ஏற்றி, தானும் பின்னால் உட்கார்ந்து, ஒவ்வொரு வளைவிலும் "மெல்லப்பா, மெல்ல" என்று சொல்லிக்கொண்டே செம்மநத்தம் போனார்.

இரண்டு நாள் வேலை என்று ஒரு காலத்தில் சொன்னது ஐந்து வாரம் ஆயிற்று. விழுந்த படியை அகற்றியதும் வராந்தாவின் உத்திரம் இரண்டு இத்துப் போயிருந்தது தெரிந்தது. உத்திரத்தைத் தொடர்ந்து போனால் சிங்கராயரின் கதவு நிலை. அங்கிருந்து பொன்னுவேல் வீட்டுப் பரண். ஆயிரத்துக்குள் முடிந்திருக்க வேண்டிய வேலை இருபதாயிரத்தைத் தாண்டியது. சேலத்துக்காரர்கள் இருவரும் ஒரே பஸ்ஸில் வந்து, புழுதியைப் பார்த்து, பேசாமல் பங்கைக் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

பரணைத் திறந்த அன்று டீச்சரும் அங்கே இருந்தார். பொன்னுவேலின் தகரப்பெட்டி ஒன்று அதில் இருந்தது. அதன் அடித்தகடு துருப்பிடித்து ஓட்டையாகியிருந்தது. எஸ்டேட்டில் இருந்த முப்பத்தொரு வருஷமும் தினம் காலை ஏழு மணிக்கு மழைமானியைப் பார்த்து அவர் எழுதிவைத்த நோட்டுகள் அதற்குள் இருந்தன. சென்றாயன் ஒன்றை எடுத்தார். அட்டை வந்தது, உள்ளே ஒன்றுமில்லை. இன்னொன்று. அதுவும் அட்டைதான். முப்பத்தொன்றில் ஒன்றிரண்டு நோட்டில் நடுப்பக்கங்கள் சல்லடையாக மிஞ்சியிருந்தன.

பொன்னுவேல் ஒரு பக்கத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். துளைகள் வழியாக வெயில் அவர் முகத்தில் பொட்டுப் பொட்டாக விழுந்தது. மாதம்மாள் அருகில் வந்து நின்றார். அந்த வீட்டில் மாதம்மாள் பேசாமல் இருந்து டீச்சர் பார்த்தது அன்று ஒருநாள்தான்.

பிறகு பொன்னுவேலே சொன்னார். "அறுபத்தாறுல ஒரே நாள்ல ஒம்போது அங்குலம் பெஞ்சுதுங்க. அது எனக்குப் பாக்காமயே தெரியும். மத்ததெல்லாம் போனாப் போகுது."

டீச்சர் மறுநாள் பள்ளியிலிருந்து ஒரு கெட்டி அட்டை நோட்டு கொண்டுவந்து கொடுத்தார். பொன்னுவேல் அதை வாங்கி, அன்று முழுக்கத் திறக்காமல் மேஜைமேல் வைத்திருந்தார். அடுத்த நாள் காலை ஏழு மணிக்கு முற்றத்தில் நின்று எதையோ அளந்துகொண்டிருந்தார்.

அந்த ஐந்து வாரமும் மேல் வீட்டுக்காரர்களுக்கு ஏணிதான். டீச்சர் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு விறுவிறுவென்று ஏறி இறங்கினார். ஏசுராஜ் தினமும் காலையில் ஏணியின் உச்சியில் கண்ணை மூடி ஜெபித்துவிட்டே இறங்குவான். கீழே நின்று ஏணியைப் பிடிக்கும் மரியசெல்வி, "ஆமென்" சொல்லிச் சிரிப்பாள். பீரோ அதுவரை சிங்கராயர் வீட்டு ஹாலில் இருந்தது. அவர் முப்பது வருஷத்துக்குப் பிறகு தன்னை முழு உயரத்தில் கண்ணாடியில் பார்த்து, மீசையை எடுத்துவிட்டார்.

புதுப்படி வேங்கை மரத்தில் வந்தது. ஒவ்வொரு தூணும் மண்ணைத் தொடாமல் கருங்கல் மேல் நின்றது. தகரக் குழாய் முற்றத்துக்கு வெளியே போய்க் கொட்டியது. தேனீப் பெட்டிகள் தீபாவளிக்குப் பிறகு திரும்பி வந்தன, நாலுதான் வந்தன. இரண்டு பெட்டித் தேனீக்கள் செம்மநத்தத்துக் காட்டைப் பார்த்ததும் மனசு மாறிப் பறந்துவிட்டன. பொன்னுவேல் அதைப் பெரிய துக்கமாக எடுத்துக்கொள்ளவில்லை. "நல்ல எடமாப் பாத்துத்தான் போயிருக்குதுங்க" என்றார்.

படி முடிந்த நாள், மத்தியானம் மூன்று மணி இருக்கும். டீச்சர் வீட்டுக் கதவை யாரோ தட்டினார்கள். திறந்தால் மாதம்மாள். மூச்சு வாங்க, கையில் முறுக்குத் தட்டோடு நின்றார். இத்தனை வருஷத்தில் அவர் மேலே வந்ததே இல்லை என்பது டீச்சருக்கு அப்போதுதான் உறைத்தது.

"வாங்கக்கா, உள்ள வாங்க. ஏன் இத்தன நாளா வரவே இல்ல?"

"அந்தப் படியில கால் வெக்கவே பயமுங்க டீச்சர். உங்ககிட்டச் சொன்னா சிரிப்பீங்கன்னு சொல்லல. ஆமா, அவருக்கும் எனக்கும் அதுல ஒண்ணும் வித்தியாசமில்ல" என்று மாதம்மாள் சிரித்தார். பிறகு உள்ளே வராமல், வராந்தாவிலேயே திரும்பி நின்று எட்டிப் பார்த்தார். கீழே அவருடைய டேலியாப் பாத்தி, கேட், அதற்கப்பால் சில்வர் ஓக் மரங்கள், சேலம் பஸ் திரும்பும் வளைவு.

"அட, இங்கிருந்து பாத்தா எங்கூட்டுக்காரரு கூடச் சின்னப் பையனாட்ட இருக்கறாரே" என்றார்.

டீச்சர் இரண்டு நாற்காலிகளை வராந்தாவுக்குத் தூக்கி வந்து போட்டார். காப்பி போட உள்ளே போனார். அவர் திரும்பி வரும்போது மாதம்மாள் கைப்பிடியில் நன்றாகச் சாய்ந்துகொண்டு, தேனீப் பெட்டியருகே குனிந்திருந்த கணவரை நோக்கி மேலிருந்து ஏதோ உத்தரவு போட்டுக்கொண்டிருந்தார்.